செம்பனைக்கு ஒரு வண்டு

கோலசிலாங்கூர் பக்கத் தோட்டங்களில் செம்பனையின் ஆண் பூ விரிந்தால் சோம்பு வாசம் அடிக்கும். அதற்கு மொய்க்கிற கூன்வண்டு அரிசியை விடச் சின்னது. உடம்பெல்லாம் மகரந்தத்தோடு பெண் பூவுக்கும் போகும். 1981-இல் கேமரூனிலிருந்து இந்த வண்டைக் கொண்டுவரும்வரை, பல தோட்டங்களில் தொழிலாளர்கள்தான் மகரந்தப் பொடியைப் பூப்பூவாகத் தூவினார்கள். எத்தனை பேர் வீட்டுப் பாட்டிக்கு அது ஞாபகமிருக்கும்!

இன்றைய தலைவலி, ஓலையை அரிக்கும் பைப்புழு. அதற்கு அடிக்கிற மருந்துகள் பல வண்டையும் விட்டுவைப்பதில்லை. வண்டு குறைந்தால் குலையில் சரியாகக் காய் பிடிக்காது. 1960-களில் கடும் மருந்தடித்தபோது, புழுவை அழிக்கும் குளவிகளும் செத்து, புழுதான் பெருகியது. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து புழுவின் குடலைக் கெடுக்கும், வண்டைத் தொடாது. ஆனால் புழு இளசாக இருக்கும்போதே அடித்துவிட வேண்டும்.