தாயுமாகி, குருவுமாகி...

சோழவந்தானை அடுத்து, வைகைக் கரையில் அமைந்துள்ள திருத்தலம் குருவித்துறை. தேவகுருவாகிய பிரகஸ்பதி, அசுரர்களிடம் வித்தை கற்கச் சென்ற தம் மைந்தன் கசன் நலமுடன் மீள வேண்டித் தவமிருந்த தலம் இது என்பர். குருப்பெயர்ச்சி நாளில் சித்திரரத வல்லபப் பெருமாளையும் குருபகவானையும் தரிசிக்க இங்கு அன்பர்கள் திரள்வர். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலும் இவ்வூருக்கு இடமுண்டு.

இவ்வூரில் வாழ்ந்த சுகலன் என்பவனுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். பெற்றோர் மறைந்தபின் அவர்கள் நெறி தவறித் திரிந்தனர். தவத்திலிருந்த குருவை இகழ்ந்து, பன்றிக்குட்டிகளாகப் பிறக்குமாறு சாபம் பெற்றனர். பின்னர் பாண்டியனின் வேட்டையில் தாய்ப்பன்றியும் மடிய, குட்டிகள் பன்னிரண்டும் பசியால் துடித்தன. அப்போது சோமசுந்தரப் பெருமான் தாய்ப்பன்றியின் வடிவில் எழுந்தருளிப் பாலூட்டினார். பசி தீர்த்ததோடு அவர் நின்றுவிடவில்லை. அவர்களுக்குக் கலையறிவையும் அருளி, பாண்டியனின் அமைச்சர்களாகும் தகுதியையும் தந்தார். பாலூட்டியவரும் அறிவூட்டியவரும் ஒருவரே.

மதுரையிலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி போன்ற ஊர்களிலும் இவ்விரு கடமைகளையும் ஒருசேரச் சுமக்கும் இளந்தாய்மார் பலர் உள்ளனர். பட்டம் பெற்று, மணமாகி, குழந்தைகள் பிறந்தபின் ஆசிரியப் பணியை நாடி மீண்டும் புத்தகம் எடுப்பவர்கள் அவர்கள்.

அப்பாதை எளிதன்று. ஓராண்டாக இருந்த பி.எட். படிப்பு, 2015-ஆம் ஆண்டு முதல் ஈராண்டாயிற்று. பள்ளிகளுக்குச் சென்று பல வாரங்கள் கற்பித்தல் பயிற்சி பெற வேண்டும். அன்றாடம் பாடக்குறிப்பு எழுத வேண்டும். அதன்பின் ஆசிரியர் தகுதித் தேர்வு. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குக் கற்பிக்க விரும்புவோர், 150 மதிப்பெண்களுக்கான இரண்டாம் தாளில் தேற வேண்டும். தேறினாலும் அரசுப் பணி உடனே கைகூடுவதில்லை. நியமனத்துக்கெனத் தனியே போட்டித் தேர்வு உண்டு. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் தலைமாட்டில் அமர்ந்து மறுநாள் தேர்வுக்குப் படிக்கும் தாயின் மனநிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆறுதலான மாற்றங்களும் நிகழ்ந்துள்ளன. முன்பு ஏழாண்டுகளே செல்லுபடியாகிய தகுதித் தேர்வுச் சான்றிதழ், 2021-இல் வாழ்நாள் முழுதும் செல்லும் என அறிவிக்கப்பட்டது. குழந்தை வளர்ப்புக்காகச் சில ஆண்டுகள் ஒதுங்கியிருந்தவரும் மீண்டும் முயலலாம். தமிழக அரசின் ஆசிரியர் நியமனத்துக்கான வயது வரம்பும் 2023-இல் பொதுப் பிரிவினருக்கு 53 எனவும், ஏனையோருக்கு 58 எனவும் உயர்த்தப்பட்டது.

ஆயினும் சட்டம் கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. வீடும் திறந்து வைக்க வேண்டும். இதற்குச் சகோதரி சுப்பலட்சுமியின் வரலாறு சான்று. 1886-இல் பிறந்து, பதினோராம் வயதிலேயே கணவரை இழந்தவர் அவர். ஊரார் பழிச்சொல்லுக்கு அஞ்சாமல் தந்தையார் அவரைப் படிக்க வைத்தார். 1911-இல் பட்டம் பெற்று ஆசிரியையானார் சுப்பலட்சுமி. தம்மைப் போன்ற இளம் விதவையரைப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்க, மறு ஆண்டே சென்னையில் ஓர் இல்லம் தொடங்கினார். சுவாமி விவேகானந்தர் தங்கிய ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் பின்னர் அவ்வில்லம் இயங்கியது.

அந்த அரும்பணிக்குத் துணை நின்றவர் அவருடைய சித்தி வாலாம்பாள். தாமும் இளமையில் கைம்மை எய்தியவர், பட்டம் பெறாதவர். அந்தச் சித்தி வீட்டுப் பொறுப்பைத் தாங்கியதால் அன்றோ சுப்பலட்சுமியால் அத்தனை பெண்களுக்குக் கல்வி தர இயன்றது! பிற்காலத்தில் சுப்பலட்சுமியை நாடு பத்மஸ்ரீ விருதளித்துப் போற்றியது. சித்தியின் பெயரை அறிந்தோர் சிலரே.

இன்று பல இல்லங்களில் அந்தச் சித்தியின் இடத்தில் இருப்பவர்கள் தாத்தா பாட்டியரே. மருமகள் பயிற்சிக்குச் செல்லும் வேளையில் பேரப்பிள்ளைக்குச் சோறூட்டுவதும், மாலையில் பள்ளியிலிருந்து அழைத்து வருவதும், 'இந்த வயதில் என்ன படிப்பு?' என்று கேட்கும் உறவினருக்குப் பதில் சொல்வதும் வித்யாதானமே ஆகும். அவள் நாளை எத்தனை பிள்ளைகளுக்கு அறிவு புகட்டுகிறாளோ, அத்தனை பேரின் கல்வியிலும் அந்த முதியோருக்குப் பங்குண்டு.

அதே வேளையில், முழங்கால் வலியோடும் மூச்சிரைப்போடும் முதியோரே எல்லாவற்றையும் சுமக்க வேண்டும் என்பதன்று. இயலாததை இயலாது என்று அன்போடு சொல்லலாம். மகனையும் சமையலறைப் பக்கம் அழைத்து, 'இந்த ஈராண்டு இது உன் பொறுப்பு' என்று எடுத்துரைக்கப் பெரியவர்களைவிடத் தகுதியானவர் யார்? தாயின் வடிவம் கொள்ள ஈசனே தயங்கவில்லையே!

அடுத்த முறை குருவித்துறைக்குச் செல்லும்போது பேரப்பிள்ளைகளோடு மருமகளின் பெயருக்கும் ஓர் அர்ச்சனை செய்யலாம். வீடு திரும்பியதும், அவள் படிக்க அமரும் ஒரு மணி நேரம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பன்னிரண்டு குட்டிகளின் கதையைச் சொல்லலாம்.