மூன்று மூலை சரியென்றால் நான்காவது தானே சரி

டைல்ஸ் ஒட்டக் கூப்பிட்டால் நான் முதலில் பார்ப்பது மூலையைத்தான். கிள்ளானில் தெரஸ் வீடானாலும் பிரிக்பீல்ட்ஸில் பழைய கடைவீடானாலும் அதுதான் வழக்கம். சுவர் மேடுபள்ளமாக இருந்தால் சிமென்ட் பூசிச் சமாளிக்கலாம். மூலை கோணிப்போனால் மறைக்க முடியாது. தரையில் ஒட்டுகிற ஒவ்வொரு டைலும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தமிழ்ப்பள்ளிப் பாடநூலில் இருப்பதும் எங்கள் தொழிலில் இருப்பதும் ஒரே கணக்குதான். இரு சுவர்கள் 90 டிகிரியில் சந்தித்தால் செங்கோணம். அதற்குக் குறைந்தால் குறுங்கோணம். 90ஐத் தாண்டி 180க்குள் நின்றால் விரிகோணம். 180 என்றால் நேர்க்கோணம். சுவர் நேராக ஓடுகிறது, அங்கே மூலையே இல்லை. 180ஐயும் தாண்டினால் பின்வளைகோணம்.

இவற்றில் நான்கை ஒரே இடத்தில் காட்டச் சொன்னால் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் தளப்படத்தைக் காட்டுவேன். ஒரு சதுரத்தின் மேல் இன்னொரு சதுரத்தை 45 டிகிரி திருப்பி வைத்தால் எட்டுமுனை நட்சத்திரம் வரும். இஸ்லாமியக் கலையில் பழகிய அந்த வடிவத்தை வைத்துத்தான் சீசர் பெல்லி 88 மாடிக் கோபுரத்தை வரைந்தார். முனை ஒவ்வொன்றும் செங்கோணம். முனைகளுக்கு நடுவே சுவர் உள்வாங்கும் இடத்தை உள்ளிருந்து அளந்தால் 225 டிகிரி, பின்வளைகோணம். வெளியிலிருந்து அளந்தால் மீதி 135, விரிகோணம். ஒரு முனையை மட்டும் தனியே வெட்டியெடுத்தால் முக்கோணம் கிடைக்கும். அதன் மற்ற இரு மூலைகளும் 45 டிகிரிக் குறுங்கோணங்கள். உள்வாங்கிய இடுக்குகளில் வளைவுகளைச் சேர்த்து மாடிகளில் புழங்கும் இடத்தைப் பெருக்கிக்கொண்டார்கள்.

நாம் குடியிருக்கும் அறைகளோ பெரும்பாலும் நாற்கரங்கள். நாற்கரத்துக்கு ஒரே சட்டம்தான்: நான்கு உட்கோணங்களையும் கூட்டினால் 360. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கோடு இழுத்தால் இரண்டு முக்கோணங்கள், ஒவ்வொன்றிலும் 180. சதுரம், செவ்வகம், சாய்சதுரம், இணைகரம், சரிவகம் எதுவும் இதற்கு விலக்கில்லை. ஒரு மூலை குறைத்துக்கொண்டதை வேறொரு மூலை சுமந்தே ஆகவேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் பிறந்ததே செங்கோணத்தால்தான் என்று வேடிக்கையாகச் சொல்வேன். 1881இல் முதலில் தீயும் பிறகு வெள்ளமும் மரமும் அத்தாப்புமாக இருந்த கோலாலம்பூரை அழித்தன. அடுத்த ஆண்டு சிலாங்கூர் ரெசிடென்டாக வந்த பிராங்க் ஸ்வெட்டன்ஹாம், இனிச் செங்கல்லும் ஓடும் வைத்துத்தான் கட்ட வேண்டும் என்றார். அதற்காகச் செங்கல் சூளைகள் பெருகிய இடம் இது. ஒரு செங்கல்லுக்கு ஆறு முகம், முகத்துக்கு நான்கு மூலை, ஆக 24 செங்கோணங்கள். அவை பிசகினால் சுவர் எழும்பாது.

ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் ஒரு கடைக்காரர் சொன்னார்: “அண்ணே, நாலு பக்கமும் நானே அளந்துட்டேன். எல்லாம் பத்தடி. சதுரம்தான், தைரியமா ஒட்டுங்க.” பக்கங்கள் சமமாக இருந்தால் மட்டும் சதுரம் ஆகிவிடாது, சாய்சதுரத்துக்கும் நான்கு பக்கமும் சமம்தான். மூலைக்கு மூலை நாடா பிடித்தேன். ஒரு பக்கம் ஏறத்தாழ 14 அடி 4½ அங்குலம், மறுபக்கம் 13 அடி 10¾ அங்குலம். சரியான சதுரமென்றால் இரண்டும் 14 அடி 1¾ அங்குலத்தில் நின்றிருக்கும். கணக்குப் போட்டால் மூலைகள் 88, 92, 88, 92. கூட்டினால் அதே 360. வெறும் 2 டிகிரிதானே என்று விட்டுவிட முடியாது. ஒரு சுவரை ஒட்டி நேராக வரிசை பிடித்தால், பத்தடி போய்ச் சேரும்போது பக்கத்துச் சுவரோரம் 4 அங்குலத்துக்கு மேல் ஆப்பு மாதிரி இடைவெளி விழும்.

அதனால் மூலைமட்டத்தை மட்டும் நம்பாமல் 3, 4, 5 வைத்துப் பார்ப்போம். மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, மறு சுவரில் 4 அடி குறித்து, குறிகளுக்கு இடையே 5 அடி வந்தால் செங்கோணம். பெரிய அறைக்கு 6, 8, 10 என்று வைத்தால் இன்னும் துல்லியம். மூன்று மூலை பார்த்தால் போதும். மூன்றும் 90 என்றால் 270 ஆயிற்று. நான்காவதுக்கு மிச்சமிருப்பது 90தான்.

இந்த 360க்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒரே அச்சில் வார்த்த கோணல் நாற்கர டைல்களை என்னிடம் கொடுங்கள், நான்கு பக்கமும் வேறுவேறு நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. இடைவெளியில்லாமல் தரையை நிரப்பலாம். ஒன்றை அரைச்சுற்றுத் திருப்பிப் பக்கத்தோடு பக்கம் சேர்த்துக்கொண்டே போனால், ஒவ்வொரு சந்திப்பிலும் நான்கு வேறு மூலைகளும் கூடி முழுச்சுற்றாகிவிடும். அழகான ஒழுங்கு ஐங்கோணத்துக்கு இது வராது. அதன் மூலை 108. மூன்று சேர்ந்தால் 324, மிச்சம் 36 டிகிரிக்குச் சந்து.

புது வீட்டுச் சாவி வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. மேம்பாட்டாளரிடம் வாங்கிய வீட்டுக்குக் குறை சொல்ல 24 மாதத் தவணை உண்டு. அதற்குள் ஒவ்வொரு அறையிலும் மூலைக்கு மூலை நாடா பிடித்துப் பாருங்கள். எதிரெதிர்ச் சுவர்கள் சம நீளமாக இருந்து, இரண்டு அளவும் ஒத்துப்போனால் டைல்ஸ்காரரைக் கூப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் முதலில் மேம்பாட்டாளரைக் கூப்பிடுங்கள்.