போப் எழுதிய புத்தகங்களை நாம் வாசிக்கலாமா?



“நமக்கு வேதாகமம் இருக்கிறது. போப் எழுதியதை எதற்கு வாசிக்க வேண்டும்?” என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பெரோயா பட்டணத்தாரை நினைத்துப் பாருங்கள். பவுல் சொன்னதைக்கூட அவர்கள் வேதவாக்கியங்களோடு ஒத்துப்பார்த்தார்கள். ஆனால் அதற்கு முன் அவர் சொன்னதை மனவிருப்பத்தோடு கேட்டார்கள். அந்த முறையில்தான் 16ஆம் பெனடிக்ட்டின் எழுத்துக்களை உங்களுக்கு அறிமுகம் செய்ய ஆசைப்படுகிறேன்.

யார் இவர்?

இயற்பெயர் யோசப் ராட்சிங்கர். 1927இல் ஜெர்மனியின் பவேரியாவில் ஒரு போலீஸ்காரரின் மகனாகப் பிறந்தார். 1951இல் குருவானார். பல ஆண்டுகள் பான், டூபிங்கன், ரேகன்ஸ்பர்க் போன்ற பல்கலைக்கழகங்களில் இறையியல் பேராசிரியராக இருந்தார். 2005இல் போப் ஆனார். 2013 பிப்ரவரியில், முதுமையினால் இந்தப் பொறுப்பைச் சுமக்கப் பெலனில்லை என்று சொல்லித் தாமாகவே விலகினார். ஏறக்குறைய 600 ஆண்டுகளாக எந்தப் போப்பும் பதவி விலகியதில்லை. 2022 டிசம்பர் 31ஆம் தேதி 95ஆவது வயதில் மரித்தார்.

சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு புத்தகம்

1967இல் டூபிங்கனில் எல்லாத் துறை மாணவர்களுக்கும் அவர் ஆற்றிய விரிவுரைகள் 1968இல் ‘கிறிஸ்தவத்துக்கு அறிமுகம்’ என்ற பொருள்படும் தலைப்பில் புத்தகமாயின. நாம் ஆராதனையில் சொல்லும் அப்போஸ்தலரின் விசுவாசப் பிரமாணத்தைத்தான் இதில் ஒவ்வொரு பகுதியாக விளக்குகிறார்.

கீர்க்ககார்ட் சொன்ன ஒரு கதையோடு புத்தகம் தொடங்குகிறது. ஊருக்கு வெளியே சர்க்கஸ் கூடாரம் தீப்பிடிக்கிறது. வேஷம் போட்டுத் தயாராக நின்ற கோமாளியை ஊருக்குள் அனுப்பி உதவி கேட்கச் சொல்கிறார்கள். அவன் கதறக் கதற, சர்க்கஸுக்கு ஆள் பிடிக்கத்தான் இந்த நடிப்பு என்று ஜனங்கள் சிரிக்கிறார்கள். கடைசியில் தீ ஊருக்கும் பரவிவிடுகிறது.

இன்று விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிறவனுக்கும் இந்தக் கோமாளியின் நிலைதான் என்கிறார் ராட்சிங்கர். கல்லூரியில் “நீ இன்னும் சர்ச்சுக்குப் போகிறாயா?” என்று கேட்கப்பட்டவர்களுக்கு இது புரியும். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. வேஷத்தை மட்டும் மாற்றினால், அதாவது நவீன பாஷையில் பேசினால், காரியம் முடிந்துவிடாது என்கிறார். விசுவாசியின் உள்ளத்திலும் சந்தேகம் எட்டிப்பார்க்கும். அவிசுவாசியின் உள்ளத்திலும் “ஒருவேளை இது உண்மையாக இருந்துவிட்டால்?” என்ற கேள்வி எட்டிப்பார்க்கும். அந்த இடத்தில்தான் இருவரும் மனம்விட்டுப் பேச முடியும் என்பது அவர் எண்ணம். பிள்ளைகள் சந்தேகம் கேட்டால் பதறிப்போகும் பெற்றோரும் இந்தப் பகுதியை வாசிக்கலாம்.

இயேசு எதைக் கொண்டுவந்தார்?

போப் ஆன பிறகு ‘நாசரேத்தூர் இயேசு’ என்ற நூலை 2007, 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்டார். இது அதிகாரபூர்வமான சபைப் போதனை அல்ல, ஆண்டவரின் முகத்தைத் தேடும் தம்முடைய தனிப்பட்ட முயற்சி, யாரும் இதை மறுக்கலாம் என்று முன்னுரையிலேயே எழுதிவிட்டார்.

வனாந்தரச் சோதனையைப் பற்றிய அதிகாரத்தில் அவர் நேராக ஒரு கேள்வி கேட்கிறார். உலகத்தில் சமாதானம் வரவில்லை, பசி தீரவில்லை. அப்படியானால் இயேசு கொண்டுவந்ததுதான் என்ன? அவர் தருகிற பதில் மிகவும் எளியது: அவர் தேவனைக் கொண்டுவந்தார். அது நமக்குக் கொஞ்சமாகத் தெரிந்தால், நம் இருதயம்தான் கடினப்பட்டிருக்கிறது என்கிறார்.

படுக்கையருகே பேசுவதா, மௌனமா?

மருத்துவமனையில் நர்ஸாக வேலை செய்கிறவள் நான். என்னை அதிகம் தொட்டது, ‘தேவன் அன்பாகவே இருக்கிறார்’ என்ற பொருளுள்ள தலைப்பில் அவர் எழுதிய முதல் சுற்றுமடல். 2005 கிறிஸ்துமஸ் நாள் தேதியிட்டது. அதன் இரண்டாம் பகுதி, துன்பப்படுகிறவர்களுக்குச் செய்யும் ஊழியத்தைப் பற்றியது.

முதலாவது, தொழிலில் தேர்ச்சி வேண்டும் என்கிறார். நாம் ஜெபித்துக்கொண்டே மருந்தின் அளவைத் தவறாகக் கொடுத்தால் அது அன்பாகாது. ஆனால் தேர்ச்சி மட்டும் போதாது, பராமரிக்கிறவர்களுக்கு இருதயத்தின் பயிற்சியும் வேண்டும் என்கிறார். டிரிப்பைச் சரியாக ஏற்றிவிட்டு, நோயாளியின் முகத்தைப் பார்க்காமலே அடுத்த படுக்கைக்குப் போய்விட முடியும் என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும்.

இரண்டாவது, உதவியை மதமாற்றத்துக்கான வழியாகப் பயன்படுத்தக் கூடாது. தேவனைப் பற்றி எப்போது பேசுவது, எப்போது மௌனமாக இருந்து அன்பை மட்டும் பேசவிடுவது என்று கிறிஸ்தவனுக்குத் தெரியும் என்கிறார். நம்மில் சிலருக்கு இது கஷ்டமாக இருக்கும். வாய் திறக்காவிட்டால் ஆண்டவரை மறுதலித்ததாகாதா? யோசித்துப் பாருங்கள்: படுக்கையில் கிடப்பவர் எழுந்து போக முடியாதவர். என் கையிலிருக்கும் மருந்துக்காகக் காத்திருப்பவர். என் பேச்சு பிடிக்காவிட்டாலும் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டல் விசுவாசமாகுமா? அவராகக் கேட்டால் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கத்தான் பேதுருவும் சொல்கிறார். விசுவாசத்தை மறைக்கும்படி பெனடிக்ட்டும் சொல்லவில்லை. தேவன் இல்லாமையே பல நேரங்களில் துன்பத்தின் ஆழமான வேர் என்று அதே இடத்தில் எழுதியிருக்கிறார்.

எங்கே விலகி நிற்கிறோம்?

இதையும் மறைக்கக் கூடாது. அவருடைய சுற்றுமடல்கள் மரியாளை நோக்கிய வார்த்தைகளோடு முடிகின்றன. நம்பிக்கையைப் பற்றிய 2007ஆம் ஆண்டு மடலில் உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றியும் எழுதுகிறார். இவற்றில் நம்முடைய போதனை வேறு. மேலும் 2000இல் அவர் கையெழுத்திட்டு வந்த வத்திக்கான் ஆவணம் ஒன்று, புராட்டஸ்டண்ட் சமூகங்கள் முறையான பொருளில் சபைகள் அல்ல என்றது. அது நம்மவர்களை வருத்தப்படுத்தியது உண்மை.

அதே மனிதர் 2011 செப்டம்பரில், லூத்தர் துறவியாக வாழ்ந்த எர்ஃபர்ட் மடத்துக்குப் போனார். கிருபையுள்ள தேவனை நான் எப்படிக் கண்டடைவேன் என்ற லூத்தரின் கேள்வி தம்மை எப்போதும் தொட்டது என்றும், இன்று அதைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள் என்றும் அங்கே பேசினார். லூத்தரின் அந்தக் கேள்வியை ஒரு போப் நமக்கு நினைப்பூட்ட வேண்டியிருக்கிறது!

எப்படித் தொடங்கலாம்?

சுற்றுமடல்கள் வத்திக்கானின் இணையதளத்தில் ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் மடலின் இரண்டாம் பகுதியை வாசியுங்கள். பிறகு ‘நாசரேத்தூர் இயேசு’ முதல் பாகத்தில் சோதனையைப் பற்றிய அதிகாரத்தை எடுங்கள். பக்கத்தில் மத்தேயு 4ஆம் அதிகாரம் திறந்திருக்கட்டும். ஒத்துக்கொள்ளும் இடத்தில் ஒரு கோடு, ஒத்துக்கொள்ளாத இடத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். கேள்விக்குறிகளைப் போதகரிடமோ வாலிபர் கூட்டத்துக்கோ கொண்டுவாருங்கள். உட்கார்ந்து பேசுவோம்.