நாள்பட்ட நோயால் உழைக்க முடியாதவர்களுக்கு உதவித் தொகை

விருதுநகர் மாவட்டத்தில் மானாவாரி நிலம் வைத்துள்ள சிறு விவசாயக் குடும்பங்கள் பலவற்றில், ஒருவராவது பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போய் வருகிறார். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் கரிசல் காட்டுப் பருத்தியும் மக்காச்சோளமும் மழையை நம்பி நிற்கின்றன. மழை பொய்த்த ஆண்டில் விதைச் செலவையும் வீட்டுச் செலவையும் தாங்குவது ஆலைச் சம்பளமே.

அந்தச் சம்பளம் வாங்குபவருக்கு ஆறாத நோய் வந்துவிட்டால் குடும்பத்தின் கணக்கே மாறிவிடும். மூச்சிரைப்பு, காசநோய், சிறுநீரகக் கோளாறு, பக்கவாதம், தீக்காயத்தால் மடங்கிப் போன விரல்கள் என்று காரணம் பல. இவ்வாறு நோயுற்றவர்களில் பலர் யாரிடமும் சொல்லாமல் ஆலைக்குப் போவதை நிறுத்திவிட்டு, "இனிக் காட்டைப் பார்த்துக் கொள்கிறேன்" என்று வீட்டோடு இருந்து விடுகிறார்கள். ஓராண்டு கழித்து உதவித் தொகை கேட்டுப் போகும்போது, காலம் கடந்துவிட்டது என்ற பதிலே கிடைக்கிறது. வேலையை விடுவதற்கு முன்பே சில காரியங்களைச் செய்து கொண்டால் இந்த நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

நோயின் பெயர் மட்டும் போதாது

உதவித் தொகை வழங்கும் அலுவலகங்கள் பல. எல்லாவற்றுக்கும் அளவுகோல் ஒன்றல்ல. ஓர் இடத்தில் எத்தனை நாள் சந்தா கட்டியிருக்கிறது என்று பார்ப்பார்கள். இன்னோர் இடத்தில், செய்து வந்த வேலையை இனிச் செய்ய முடியுமா என்று கேட்பார்கள். மற்றோர் இடத்தில் உடல் பாதிப்பு எத்தனை சதவீதம் என்று அளப்பார்கள். ஆகவே ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் தள்ளுபடியானால் மற்றவற்றிலும் கிடைக்காது என்று எண்ணிவிடக் கூடாது.

இ.எஸ்.ஐ. திட்டம்

பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலைகள் இ.எஸ்.ஐ. திட்டத்தில் வருகின்றன. 2017 ஜனவரி முதல் மாதச் சம்பள வரம்பு ரூ.21,000. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், ஆலையின் பங்கு 3.25 சதவீதம். சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது.

சாதாரண நோய்க்கு, சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். இதற்கு ஆறு மாதச் சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா இருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை பலன் உண்டு.

பட்டாசு வேலைக்குப் போகும் விவசாயக் குடும்பத்தார் இங்கே விழிப்பாக இருக்க வேண்டும். வாரம் ஆறு நாள் வீதம் 78 நாள் என்பது 13 வார வேலை. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும். மழை நாட்களில் மருந்து காயாததால் வேலை நிற்கும். அதே சமயத்தில் காட்டில் களையெடுப்பும் அறுவடையும் வந்து சேரும். ஆகவே அக்டோபர் முதல் மார்ச் வரையுள்ள அரையாண்டில் நாட்கணக்கு குறைந்து போக இடமுண்டு. வேலை செய்த நாட்களைக் குறித்து வைத்து, ஆலைப் பதிவேட்டிலும் அதே கணக்கு ஏறியிருக்கிறதா என்று பார்த்துக் கொள்வது அவசியம்.

நாள்பட்ட நோய்க்கு இந்தத் திட்டத்தில் தனிச் சலுகை உண்டு. குறிப்பிட்ட 34 நோய்களுக்கு, 91 நாள் முடிந்த பிறகும் 80 சதவீதச் சம்பளம் தொடரும். நோயின் நிலையைப் பொறுத்து இது இரண்டாண்டு வரை நீளலாம். காசநோய், தொழுநோய், புற்றுநோய், பக்கவாதம், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, இதயச் செயலிழப்பு, உடலில் 20 சதவீதத்துக்கு மேல் பட்டுச் சிக்கலான தீக்காயம் முதலியவை இப்பட்டியலில் உள்ளன. இதைப் பெற இரண்டாண்டு தொடர்ந்து காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். முந்தைய நான்கு சந்தாக் காலங்களில் மொத்தம் 156 நாள் சந்தா கட்டியிருக்கவும் வேண்டும்.

வேலையால் வந்த காயமும் நோயும்

வேலை செய்யும்போது ஏற்பட்ட காயத்துக்குச் சந்தா நாட்கணக்கு பார்ப்பதில்லை. வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே விபத்து நடந்தாலும் உரிமை உண்டு. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் வேலையோடு தொடர்பு உள்ளதானால் இதில் சேரும். ஆலை வேனில் ஊர் ஊராகச் சென்று வருபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். குணமாகும் வரை 90 சதவீதச் சம்பளம் கிடைக்கும். நிரந்தர ஊனம் ஏற்பட்டால், சம்பாதிக்கும் சக்தி எத்தனை சதவீதம் குறைந்தது என்று மருத்துவக் குழு முடிவு செய்யும். அதற்கேற்ற தொகை மாதந்தோறும் ஆயுள் முழுவதும் வரும்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். நாள் சம்பளம் ரூ.500 என்று வைத்துக் கொண்டால், சாதாரண நோய்க்கு நாளுக்கு ரூ.350 வீதம் 91 நாளைக்கு ரூ.31,850 ஆகும். 34 நோய்களில் ஒன்றானால் அதன் பிறகு நாளுக்கு ரூ.400. வேலைக் காயமானால் நாளுக்கு ரூ.450. அந்தக் காயத்தால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் நிரந்தரமாகக் குறைந்தது என்று மருத்துவக் குழு சொன்னால், நாளுக்கு ரூ.135, அதாவது மாதம் ஏறத்தாழ ரூ.4,050 வாழ்நாள் முழுவதும் கிடைக்கும். இவ்வளவையும் இழக்கச் செய்வது பெரும்பாலும் ஒரு சீட்டு இல்லாத குறையே.

மருந்துத் தூசியால் வந்த நோய் சற்றுச் சிக்கலானது. தொழில் நோய்கள் என்று சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. நுரையீரலில் தூசி படிவதால் வரும் நோயும், தொழிலால் வரும் ஆஸ்துமாவும் அதில் உண்டு. பட்டியலில் கண்ட வேலையைச் செய்தவருக்கு அதற்குரிய நோய் வந்தால் அது வேலைக் காயமாகவே கருதப்படும். பட்டியலில் இல்லாத நோயானால், வேலையால்தான் வந்தது என்று காட்டும் பொறுப்பு தொழிலாளியுடையது. ஆகவே மருத்துவரிடம் போகும்போது "இளைப்பாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. எந்த அறையில், எந்த மருந்தைக் கையாண்டு, எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்பதையும் சொல்லி, சீட்டில் எழுதச் செய்ய வேண்டும்.

இராஜஸ்தானில் கல் உடைக்கும் தொழிலாளர்களுக்கு இத்தகைய எழுத்துச் சான்றின் பயன் கிடைத்திருக்கிறது. அங்கே 2019-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி, கல்தூசியால் நுரையீரல் கெட்டதென்று சான்று பெற்றவருக்கு ரூ.3 லட்சமும், இறந்தால் குடும்பத்துக்கு ரூ.2 லட்சமும் வழங்க ஏற்பாடு செய்யப்பட்டது. அங்கும் சான்று இல்லாதவருக்குப் பணம் இல்லை.

வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியம்

வைப்பு நிதி பிடிக்கப்படும் தொழிலாளர்களில் பலர், பத்தாண்டு முடிந்தால்தான் ஓய்வூதியம் என்று எண்ணுகிறார்கள். இயலாமை ஓய்வூதியத்துக்கு அந்த விதி இல்லை. 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தின்படி ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலும் போதும். வேலையில் இருக்கும் காலத்தில், செய்து வந்த வேலைக்கு நிரந்தரமாகவும் முழுமையாகவும் தகுதியற்றவர் ஆகிவிட்டார் என்று மருத்துவக் குழு சொல்ல வேண்டும். குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் மாதம் ரூ.1,000 என நிர்ணயிக்கப்பட்டது. விண்ணப்பத்துக்குப் படிவம் 10-டி.

வேலையில் இருக்கும் காலத்தில் என்பதே இதில் முக்கியம். கணக்கை முடித்து, பணத்தை எடுத்துக் கொண்டு வெளியேறிய பின் இந்த உரிமையைக் கோருவது மிகக் கடினம்.

உழவர் பாதுகாப்புத் திட்டம்

ஆலைக்கே போகாமல் நிலத்தில் மட்டும் உழைப்பவருக்கும் வழி உண்டு. முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் 2011-இல் தொடங்கியது. நன்செய் 2.5 ஏக்கர் அல்லது புன்செய் 5 ஏக்கர் வரை வைத்துத் தாமே பயிர் செய்பவர்களும் விவசாயக் கூலிகளும், 18 முதல் 65 வயது வரை, இதில் மூல உறுப்பினராகச் சேரலாம். புற்றுநோய், காசநோய், சிறுநீரகச் செயலிழப்பு, எய்ட்ஸ் போன்ற கடும் நோயால் தற்காலிகமாக உழைக்க இயலாமல் போகும் உறுப்பினருக்கு, நோய்க் காலத்தில் மாத உதவித் தொகை தரப்படுகிறது. இங்கே ஊனச் சதவீதம் கேட்பதில்லை. நோய்க்கான மருத்துவச் சான்றும் உறுப்பினர் அட்டையும் வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும்போதே கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து அட்டை பெற்று வைப்பது நல்லது.

மாற்றுத்திறனாளி சான்று

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைப் பாதிப்புகளை ஏற்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதப் பாதிப்பு வேண்டும். சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா, சிறுநீரக நோய் ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை. பலர் ஏமாற்றத்தோடு திரும்புவதற்கு இதுவே காரணம்.

ஆனால் நோயின் விளைவு பட்டியலில் இருக்கக் கூடும். சர்க்கரை வியாதிக்குச் சான்று இல்லை. அதனால் காலை எடுத்திருந்தாலும் பார்வை போயிருந்தாலும் உண்டு. இரத்தக் கொதிப்புக்கு இல்லை. அதனால் வந்த பக்கவாதத்தில் கை கால் விழுந்திருந்தால் உண்டு. தீக்காயம் ஆறியபின் விரல்கள் மடங்கி ஒட்டிக் கொண்டாலும், வெடிச் சத்தத்தில் காது கேளாமல் போனாலும், முதுகெலும்புக் காசநோயால் கால்கள் செயலிழந்தாலும் அளந்து சதவீதம் போடுவார்கள். நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயும், தண்டுவட மரப்பு நோயும் பட்டியலிலேயே உள்ளன. ஆகவே நோயின் பெயரைச் சொல்வதோடு, எதைச் செய்ய முடியவில்லை என்பதையும் மருத்துவரிடம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

சான்றுக்கும் அடையாள அட்டைக்கும் விருதுநகரிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். 40 சதவீதத்துக்கு மேல் பாதிப்புள்ள ஏழைகளுக்கு வருவாய்த் துறை வழங்கும் ஓய்வூதியம் 2023 ஜனவரியில் ரூ.1,500 ஆக உயர்ந்தது. 75 சதவீதத்துக்கு மேல் கடும் பாதிப்புள்ளவர்கள் முதலிய சில பிரிவினருக்கு மாற்றுத்திறனாளிகள் நலத் துறை வழங்கும் பராமரிப்பு உதவி ரூ.2,000 ஆனது. வருவாய்த் துறை ஓய்வூதியத்துக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சதவீதம் குறைவாகப் போடப்பட்டதாகக் கருதினால் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வழியுண்டு.

மருத்துவச் செலவு வேறு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. இந்தப் பணம் மருத்துவமனைக்குப் போகுமே தவிர, இழந்த சம்பளத்துக்கு ஈடாகாது. வங்கியில் ஆண்டுக்கு ரூ.20 பிடிக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீடும் விபத்துக்கு மட்டுமே. நோயால் வந்த இயலாமைக்குக் கிடைக்காது. காசநோயாளிகளுக்குச் சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கென மாதம் ரூ.1,000 தருவது 2024 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது.

செய்ய வேண்டியவை

நோய் நீளும் என்று தெரிந்தவுடன் முதலில் இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் பதிந்து, வேலை செய்ய இயலாது என்ற சான்று பெற வேண்டும். ஆலைக்கு எழுத்து மூலம் தெரிவித்து, நகலைக் கையில் வைத்துக் கொள்ள வேண்டும். ராஜினாமா எழுதிக் கொடுக்கவோ வைப்பு நிதிக் கணக்கை முடிக்கவோ அவசரப்படக் கூடாது. மருத்துவச் சீட்டு, எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனைத் தாள் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே பையில் சேர்த்து வைக்க வேண்டும். ஆதார், வங்கிப் புத்தகம், ஆலைப் பதிவு மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏற்கெனவே ஓர் ஓய்வூதியம் வாங்குபவர், இன்னொன்று கேட்கும்போது அதை மறைக்கக் கூடாது.

பதிவில் பெயரில்லாமல் குத்தகைக் கொட்டகையிலோ வீட்டிலோ பட்டாசு வேலை செய்பவருக்கு இ.எஸ்.ஐ. அலுவலகத்திலும் வைப்பு நிதி அலுவலகத்திலும் உரிமையை நிலைநாட்டுவது கடினம். நாளுக்குச் சில ரூபாய் கூடுதல் கூலி கிடைக்கிறது என்று பதிவில்லாத வேலைக்குப் போகும் முன், நோய் வந்தால் யார் பொறுப்பு என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பயிருக்குக் காப்பீடு செய்யும் விவசாயி, அந்தப் பயிரை வளர்க்கும் உடம்பின் பெயரும் ஏதாவது ஒரு பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துக் கொள்வது நலம்.