ஆங்கிலேயர் காலப் படங்களில் நம் கடலோர உழைப்பாளர்

வரலாற்றுச் சான்று என்றதும் நாம் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஓலைச்சுவடியையும் நாடுகிறோம். படங்களை அவ்வளவாக நாடுவதில்லை. ஆயினும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டுத் தென்னாட்டு உழைப்பாளரைப் பற்றி மேனாட்டார் கொண்ட எண்ணத்தை உருவாக்கியதில் படங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரையில் முத்தும் சங்கும் குளித்தோர், இக்கரை வழியே இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோர் ஆகியோரை அப்படங்கள் எவ்வாறு காட்டின, எவற்றை மறைத்தன என்பதை இங்குக் காண்போம்.

ஆளும் வகையும்

கும்பினி அலுவலர்கள் விலைகொடுத்து வாங்குவதற்கெனத் தஞ்சை ஓவியர் வரைந்த படங்களில் ஒவ்வொரு சாதிக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தத்தம் தொழிற்கருவியுடன் நிற்பர். பின்புலம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். கீழே சாதிப் பெயர் உண்டு; ஆளின் பெயர் இல்லை. அங்கே மனிதர் 'வகை' ஆயினர்.

பின்னர் வந்த ஒளிப்படக் கருவி இப்போக்கிற்கு அறிவியல் போர்வை அளித்தது. 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக விளங்கிய எட்கர் தர்ஸ்டன் நம் கடற்கரைக்குப் புதியவர் அல்லர். இராமேசுவரத்தின் கடல்வாழ் உயிரினங்களைப் பற்றி 1887இலும், மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றி 1890இலும் அவர் நூல்கள் வெளியிட்டார். அவரே ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்னும் நூலை ஏழு தொகுதிகளாகக் கொணர்ந்தார். பரவர், கடையர், மரைக்காயர், இலப்பை எனக் கடலோர மக்கள் பலரும் அதில் இடம்பெற்றனர். சிப்பியையும் பாசியையும் வகைப்படுத்திய அதே கண், மாந்தரின் தலையையும் மூக்கையும் அளந்து வகைப்படுத்தியது. தம்மைக் கண்டு வயநாட்டுப் பணியர் குலப் பெண்கள் ஓடினர் என்றும், தம்முள் சிறந்தோரைப் பஞ்சடைத்து அருங்காட்சியகத்தில் வைப்பார் என அஞ்சினர் என்றும் அவரே எழுதியுள்ளார். அவர் அதை நகைச்சுவையாகக் கருதினார். நமக்கோ அவ்வச்சம் பேதைமையாகத் தோன்றவில்லை.

முத்துக்குளிப்போர்

1842இல் தொடங்கிய இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் போன்ற இதழ்களுக்குத் தொலைநாடுகளிலிருந்து கோட்டுருவங்கள் சென்றன. அவற்றை மரக்கட்டையில் செதுக்கிய இலண்டன் கைகள் பெரும்பாலும் அந்நாடுகளைக் கண்டவை அல்ல. கடலடியில் சுறாவுக்கு அஞ்சாது இறங்கும் கரிய உடல் மேனாட்டு வாசகருக்கு விருந்தாயிற்று.

உண்மைத் தொழிலோ இருவர் தொழில். ஒருவர் கனத்த கல்லில் கால்வைத்துக் கடலுள் இறங்குவார். தோணியில் நிற்பவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கல்லை முதலில் இழுத்துக்கொண்டு, குளித்தவர் கயிற்றை அசைத்ததும் அவரை மேலேற்றுவார். ஒரு முழுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். அதற்குள் சிப்பியைப் பெயர்த்துக் கூடை நிரப்ப வேண்டும். மூச்சடக்கும் பயிற்சி, பாரின் இருப்பிடம், நீரோட்டம், காற்று ஆகியவை பற்றிய பரம்பரை அறிவு இல்லாதவருக்கு இது கைகூடாது. படம் உடலைக் காட்டிற்று, அறிவைக் காட்டவில்லை.

கணக்கையும் காட்டவில்லை. இலங்கைக் கரையில் 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. கீழக்கரை முதலிய ஊர்களிலிருந்தும் அங்குச் சென்று குளித்தனர். கரைசேர்ந்த சிப்பி 'கொட்டு' எனப்பட்ட அடைப்பில் மூன்று பங்காக்கப்படும். இரண்டு அரசுக்கு, ஒன்றே குளித்தோர்க்கு. சுறாவின் வாயைப் பார்த்த வாசகர் இந்தப் பங்கீட்டைப் பார்க்கவில்லை.

கூலி என்னும் சொல்

தமிழில் கூலி என்பது உழைப்புக்கு ஈடாகப் பெறும் ஊதியம். ஆங்கிலேயர் படவிளக்கங்களிலோ அது ஆளின் பெயர். உழைப்பவனுக்கு உரிய பொருளே அவனை இழிக்கும் சொல்லாயிற்று.

1890இல் இலங்கையில் தோட்டங்களை வாங்கிய தாமஸ் லிப்டனின் விளம்பரங்களில், கூடை சுமந்த தமிழ்ப்பெண் தேயிலைக்கு அழகு சேர்க்கும் அணியாக நின்றாள். அவள் கூட்டத்தார் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்ததையும், வழியில் பலர் நோயால் மாண்டதையும் விளம்பரம் சொல்லாது. 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் வழி திறந்தபின் நடைத்துன்பம் குறைந்தது. ஆயினும் மண்டபம் முகாமில் அடைபட்டு மருத்துவச் சோதனைக்கு உட்பட்ட பின்னரே கடல் கடக்க முடிந்தது. கங்காணியிடம் பட்ட கடனும் கூடவே சென்றது.

இங்கு நாம் நடுநிலை தவறலாகாது. கங்காணியும் தமிழரே, முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தவரும் நம்மவரே. வெள்ளையர், கறுப்பர் என்று மட்டுமே பிரித்த படங்கள், நமக்குள் இருந்த மேல் கீழையும் மறைத்துவிட்டன. அயலாரைக் குறைகூறி நம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இவை துணையாகக் கூடாது.

நாம் செய்ய வேண்டுவது

இப்படங்களை வெறுத்து ஒதுக்குதல் அறிவுடைமை அன்று. தோணியின் அமைப்பு, ஆடை, கருவி ஆகியவற்றுக்கு அவை நல்ல சான்றுகள். ஒவ்வொரு படத்திடமும் நாம் சில வினாக்கள் கேட்க வேண்டும். வரைந்தவர் யார்? யாருக்காக வரைந்தார்? கயிற்றைப் பிடித்தவர் எங்கே? பங்கு பிரித்தவர் எங்கே? படத்தில் நிற்பவரின் பெயர் என்ன?

இந்தியக் கரையில் அரசின் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றது. அத்தொழிலின் சொற்களும் முதியோர் நினைவும் மறைந்து வருகின்றன. அவற்றைக் கேட்டுத் தொகுத்தல் தமிழ் பயிலும் மாணவர்க்குத் தகுந்த பணி. மூத்தோர் அதற்கு உதவுதல் வேண்டும். பாம்பன் தீவுப் பகுதியில் கடலில் இறங்கிப் பாசி சேகரிக்கும் பெண்களை இன்று பலரும் படமெடுக்கின்றனர். அப்படங்களை நாம் வெளியிடுங்கால், அப்பெண்களின் இசைவைப் பெற்று, பெயரையும் அவர்கள் பெறும் விலையையும் கீழே எழுதுவோமாக. நூறாண்டுகளுக்கு முன் எழுதப்படாமல் விடுபட்டவை அவ்விரண்டுமே.