அரியலூர்ச் சுண்ணாம்பும் அமீபாவின் புரதங்களும்

பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் மழை அரித்த களிமண் மேடுகளிலும், சிமெண்ட் ஆலைகளுக்காகக் கல் வெட்டப்படும் அரியலூர்ச் சுரங்கங்களிலும், சிப்பிகளோடு கலந்து கிடப்பவை ஃபொராமினிஃபெரா என்னும் நுண்ணுயிரிகளின் ஓடுகள். கிரெட்டேசியஸ் காலக் கடல் விட்டுச்சென்ற இப்பாறைகளை 1862-இல் ஹென்றி பிளான்ஃபோர்டு ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று பிரிவுகளாக வகுத்தார். அடுக்குகளின் வயதைக் கணிக்க இன்று துணைநிற்பவற்றுள் குளோபோட்ரன்கானா போன்ற ஓடுகளின் அறை அமைப்பும் விளிம்பின் தன்மையும் முக்கியமானவை. இவ்வளவு திருத்தமான ஓட்டைக் கட்டியதோ, வலைபோல் விரியும் பொய்க்கால்களால் நகர்ந்து இரை பிடிக்கும் அமீபா வகைச் செல் ஒன்றுதான்.

போலந்து, ஜெர்மனி ஆய்வாளர்கள் 2019-இல், ஆம்பிஸ்டெஜினா என்னும் இன்றைய ஃபொராமினிஃபெராவின் ஆக்டின் புரத இழைகளை ஒளிரச்செய்து பார்த்தபோது, புதிய அறைக்கான வடிவத்தை ஆக்டின் வலை முதலில் வகுத்துக்கொடுக்க, அதையொட்டிக் கால்சைட் படிவது தெரிந்தது. கான்கிரீட் போடுமுன் சென்ட்ரிங் அடிப்பதற்கு ஒப்பான வேலை இது. ஆகவே, புரதம் மக்கிப்போனாலும் அதன் வேலைப்பாடு கல்லில் தங்கிவிட்டது எனலாம்.

ஆக்டின் எங்கே திரள வேண்டும், எங்கே கலைய வேண்டும் என்று பணிப்பவை சமிக்ஞைப் புரதங்கள். அவற்றை மிக நுணுக்கமாக அறியத் தந்தது, கென்னத் ரேப்பர் 1930-களில் வட கரோலினாக் காட்டிலிருந்து பிரித்தெடுத்த டிக்டியோஸ்டீலியம் என்னும் மண் அமீபா. ஃபொராமினிஃபெராவுக்கு இது தூரத்து உறவே. அவற்றின் பொய்க்கால்களில் நுண்குழல்களின் பங்கும் பெரிது. எனவே ஒன்றில் கண்டதை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்துவது தகாது.

இரையான பாக்டீரியா தீர்ந்ததும் டிக்டியோஸ்டீலியம் செல்கள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் வேதிப்பொருளை ஏறக்குறைய ஆறு நிமிடத்துக்கொரு முறை அலையலையாக வெளியிடுகின்றன. அதை உணரும் ஏற்பிப் புரதங்கள் செல் சவ்வெங்கும் ஒரே சீராகப் பரவியிருந்தும், முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் இடையே ஓரிரு சதவீதச் செறிவு வேறுபாடு இருந்தாலே செல் திசையறிந்துவிடுகிறது, வியப்பு இங்கேதான். செறிவு மிகுந்த பக்கத்தில் ராஸ் என்னும் புரதம் குவானோசின் ட்ரைபாஸ்பேட்டைப் பற்றி விழித்தெழ, அதன் தொடர்ச்சியாக ராக் புரதமும், ஸ்கார் எனப்படும் புரதக் கூட்டும், ஆர்ப் 2/3 கூட்டும் அடுத்தடுத்து இயங்கி ஆக்டின் இழைகளைக் கிளைகிளையாக வளர்க்க, சவ்வு முன்னோக்கித் தள்ளப்பட்டுப் பொய்க்கால் நீள்கிறது. பற்றிய மூலக்கூறு டைபாஸ்பேட்டாகச் சிதைந்ததும் ராஸ் ஓய்கிறது. பின்புறத்திலோ பிடென் என்னும் நொதி முன்புறச் சமிக்ஞை அங்கே தலையெடுக்காமல் அடக்க, மயோசின்-2 என்னும் புரதம் சுருங்கி வாலை இழுத்துக்கொள்கிறது. 1987-இல் மயோசின்-2 மரபணு சிதைக்கப்பட்ட செல்கள் நகரவே செய்தன. ஆனால் திரவத்தில் மிதக்கவிட்டபோது பிளவுபட இயலாமல் பல உட்கருக்களுடன் பருத்தன.

இவ்வாறு ஊர்ந்து கூடும் செல்கள் காம்பும் வித்துகளும் கொண்ட கனியுடலாகின்றன. காம்பாகும் செல்கள் மடிகின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த வித்யானந்த் நஞ்சுண்டையாவும் சக ஆய்வாளர்களும் முதுமலைக் காட்டு மண்ணிலிருந்தும் விலங்குச் சாணத்திலிருந்தும் எடுத்த இத்தகைய அமீபாக்களை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரே கனியுடலில் வெவ்வேறு மரபுவழிச் செல்கள் கலந்திருப்பது இயற்கையில் சாதாரணமே.