ஆக்கிரமிப்பு மண்புழுக்களும் மண்ணின் ஊட்டச்சத்துகளும்

ஆக்கிரமிப்பு மண்புழுக்கள் என்பவை தமது இயற்கையான வாழிடத்திலிருந்து மனிதரின் செயல்களால் வேறிடங்களுக்குச் சென்று, அங்கு பெருகி, மண்ணின் அமைப்பையும் வேதியியலையும் மாற்றும் மண்புழு இனங்களாகும். உழவரின் நண்பன் என்று போற்றப்படும் மண்புழு, வயல்களிலும் தோட்டங்களிலும் மண்ணை வளப்படுத்துகிறது. ஆனால், மண்புழுக்களே இல்லாமல் உருவான காடுகளில் அதே புழு நுழையும்போது, பல்லாயிரம் ஆண்டுகளாக நிலைபெற்ற ஊட்டச்சத்துச் சுழற்சி சில பத்தாண்டுகளில் குலைந்துவிடுகிறது. இதற்கு மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு வட அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளாகும்.

பின்னணி

கடைசிப் பனியூழியின்போது கனடாவின் பெரும்பகுதியும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியும் தடித்த பனிப்பாளங்களால் மூடப்பட்டிருந்தன. அப்பகுதிகளில் முன்பு மண்புழுக்கள் இருந்திருந்தாலும் அவை அழிந்துபோயின. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்னர் பனி விலகிய பின், தெற்கே எஞ்சியிருந்த உள்நாட்டு இனங்கள் மிக மெதுவாகவே வடக்கு நோக்கி நகர்ந்தன. இதனால் மினசோட்டா, விசுகான்சின், மிச்சிகன், நியூயார்க்கின் வடபகுதி போன்ற இடங்களில் காடுகள் மண்புழுக்கள் இல்லாமலேயே வளர்ந்தன.

ஐரோப்பியர் குடியேறத் தொடங்கிய பின்னர், கப்பல்களில் எடைக்காக ஏற்றப்பட்ட மண்ணுடனும், செடிகளின் வேர்களில் ஒட்டியிருந்த மண்ணுடனும் ஐரோப்பிய மண்புழுக்கள் இக்கண்டத்தை அடைந்தன. பிற்காலத்தில் தூண்டில் மீன்பிடிப்பு இவை பரவ முக்கியக் காரணமானது. மீன்பிடிப்போர் எஞ்சிய இரைப் புழுக்களை ஏரிக்கரையில் கொட்டிவிட்டுச் செல்வதால், அவை அருகிலுள்ள காட்டுக்குள் புகுகின்றன. தாமாகப் பரவும்போது இப்புழுக்கள் ஆண்டுக்குச் சுமார் 5 முதல் 10 மீட்டர் தொலைவே முன்னேறுகின்றன. நெடுந்தொலைவுப் பரவலுக்கு மனிதரே காரணமாகின்றனர்.

மண்புழுக்களின் வாழ்முறை வகைகள்

மண்புழுக்கள் வாழும் ஆழத்தைப் பொறுத்து மூன்று வகையாகப் பிரிக்கப்படுகின்றன.

முதல் வகை, இலைச்சருகுகளுக்குள்ளேயே வாழ்ந்து அவற்றை உண்பது. இரண்டாம் வகை, மேல்மண்ணுக்குள் கிடைமட்டமாக வளைகள் தோண்டி, மண்ணை உண்டு அதிலுள்ள கரிமப் பொருளைச் செரிப்பது. மூன்றாம் வகை, செங்குத்தான ஆழமான வளைகளில் வாழ்ந்து, இரவில் மேலே வந்து சருகுகளை வளைக்குள் இழுத்துச் செல்வது. லும்பிரிகசு டெரசுட்ரிசு எனும் பெரிய ஐரோப்பியப் புழு இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தது. ஒரு காட்டில் எந்த வகை நுழைகிறது என்பதைப் பொறுத்தே மண்ணில் ஏற்படும் மாற்றமும் அமைகிறது. பல வகைகள் ஒன்றாக நுழையும்போது பாதிப்பு மிகுதியாகும்.

சருகுப் படலமும் கார்பனும்

மண்புழு இல்லாத காடுகளில் உதிரும் இலைகளைப் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் சிறு பூச்சியினங்களும் மிக மெதுவாகவே சிதைக்கின்றன. இதனால் தரையின் மேல் மெத்தை போன்ற தடித்த சருகுப் படலம் உருவாகிறது. காட்டின் கார்பனிலும் ஊட்டச்சத்துகளிலும் பெரும்பங்கு இப்படலத்தில் சேமிக்கப்படுகிறது. விதைகள் முளைப்பதும் மெல்லிய வேர்கள் படர்வதும் இங்குதான்.

புழுக்கள் நுழைந்தபின் இப்படலம் சில ஆண்டுகளிலேயே உண்ணப்பட்டுக் கீழுள்ள கனிம மண்ணுடன் கலக்கப்படுகிறது. மேலே சருகும் கீழே வெளிறிய மண்ணுமாக இருந்த அடுக்குகள் மறைந்து, ஒரே சீரான கருநிற மேல்மண் தோன்றுகிறது. மண்ணின் அடர்த்தியும் கூடுகிறது. நியூயார்க் மாநிலத்தின் ஆர்னாட் காட்டில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வில், புழுக்கள் நுழைந்த இடங்களில் மண்ணின் மேல் 12 சென்டிமீட்டரில் இருந்த கார்பன் சேமிப்பு 28 விழுக்காடு குறைந்திருந்தது. இழந்த கார்பனில் ஒரு பகுதி நுண்ணுயிர்களின் சுவாசத்தின் வழியாகக் கார்பனீராக்சைடாக வளிமண்டலத்தை அடைகிறது.

எனினும் கார்பன் முழுவதும் இழக்கப்படுவதில்லை. புழுக்களின் எச்சமான நாங்கூழ்க் கட்டிகளுக்குள் கரிமப் பொருள் களிமண் துகள்களால் சூழப்பட்டு, எளிதில் சிதையாமல் பாதுகாக்கப்படுவதும் உண்டு. ஆகவே நீண்டகால விளைவு மண்ணின் வகையையும் புழு இனத்தையும் பொறுத்து மாறுபடுகிறது.

நைட்ரசன்

சருகு விரைவாகச் சிதையும்போது அதிலிருந்த நைட்ரசன் அமோனியமாக வெளிப்படுகிறது. காற்றோட்டமுள்ள மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் இதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இரண்டையும் தாவரங்கள் உறிஞ்ச முடியும் என்பதால், வயலில் இது பயிருக்கு உடனடி நன்மையாகும்.

காட்டில் நிலைமை வேறு. நைட்ரேட்டு எதிர்மின் சுமை கொண்டது. பெரும்பாலும் எதிர்மின் சுமையே உடைய களிமண் துகள்கள் அதைப் பிடித்துவைப்பதில்லை. வசந்தகாலத்தில் பனி உருகும்போதும், இலையுதிர்கால மழையின்போதும் மரங்களின் உறிஞ்சும் திறன் குறைவாக இருக்கும். ஆனால் அக்காலங்களில்தான் குளிர்ந்த, ஈரமான மண்ணில் புழுக்கள் மிகுந்த செயல்பாட்டுடன் இருக்கின்றன. இதனால் விடுவிக்கப்பட்ட நைட்ரேட்டு வேர்களுக்குக் கிடைக்காமல் நீருடன் கீழிறங்கிவிடக்கூடும். புழு வளைகள் இந்நீர் விரைந்து இறங்கும் வழிகளாகின்றன.

மேலும், புழுவின் குடலில் ஆக்சிசன் இல்லை. அங்கு நைட்ரேட்டின் ஒரு பகுதி நைட்ரசு ஆக்சைடு எனும் பசுமையில்ல வாயுவாக மாற்றப்படுகிறது. பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து 2013-இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று, மண்புழுக்கள் இருக்கும் மண்ணில் நைட்ரசு ஆக்சைடு வெளியேற்றம் 42 விழுக்காடும், கார்பனீராக்சைடு வெளியேற்றம் 33 விழுக்காடும் கூடுவதாகக் கணக்கிட்டது.

பாசுபரசு

புதிய நாங்கூழ்க் கட்டிகளில் தாவரங்களுக்குக் கிடைக்கும் வடிவிலான பாசுபரசு சுற்றியுள்ள மண்ணைவிட அதிகம். ஆனால் சருகு கனிம மண்ணுடன் கலக்கும்போது, அங்குள்ள இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் பாசுபேட்டைப் பிணைத்துக்கொள்கின்றன. எனவே தொடக்கத்தில் கூடும் பாசுபரசு பின்னர் குறையலாம். மினசோட்டாவின் சர்க்கரை மேப்பிள் காடுகளில், லும்பிரிகசு ரூபெல்லசு எனும் புழு மிகுந்திருந்த பகுதிகளில் நைட்ரசன், பாசுபரசு ஆகிய இரண்டின் கிடைக்கும் அளவும் குறைந்திருந்தது கண்டறியப்பட்டது. தொடக்கத்தில் வளம் கூடியதுபோல் தோன்றுவது, சேமிப்பைச் செலவழிப்பதன் விளைவே என்பதை இது காட்டுகிறது.

கால்சியமும் அமிலத்தன்மையும்

லும்பிரிகசு உள்ளிட்ட பல மண்புழுக்களுக்குக் கால்சியம் கார்பனேட்டைச் சுரக்கும் சுரப்பிகள் உள்ளன. கீழ்மண்ணில் உள்ள கால்சியம், மக்னீசியம் போன்ற தனிமங்களையும் இவை மேலே கொண்டுவருகின்றன. இதனால் அமிலத்தன்மை மிகுந்த காட்டு மண்ணின் மேற்பகுதி நடுநிலையை நோக்கி நகர்கிறது. கால்சியம் மிகுந்த இலைகளை உதிர்க்கும் மரங்களின் அடியில் புழுக்கள் பெருகுவதும், அங்கு மண்ணின் அமிலத்தன்மை குறைவதும், போலந்தில் 14 மர இனங்களை ஒரே நிலத்தில் வளர்த்துச் செய்யப்பட்ட ஆய்வில் காணப்பட்டன.

தாவரங்கள் மீதான தாக்கம்

சருகுப் படலம் மறையும்போது அதில் வேரூன்றியிருந்த சிறுசெடிகளும் மரக்கன்றுகளும் வறட்சிக்கும் மண் அரிப்புக்கும் உள்ளாகின்றன. மரங்களுக்குப் பாசுபரசையும் நீரையும் பெற்றுத்தரும் மைக்கோரைசா எனும் வேர்ப் பூஞ்சைகளின் இழைகளும் அறுபடுகின்றன. சர்க்கரை மேப்பிள் வேர்களில் இப்பூஞ்சைகள் குறைவது பதிவாகியுள்ளது. சருகுப் படலத்தையே சார்ந்து வாழும் பொட்ரிக்கியம் மோர்மோ எனும் அரிய பெரணி, புழுக்கள் நுழைந்த இடங்களில் அருகிவருகிறது.

ஆசியத் தாவும் புழுக்கள்

அமிந்தாசு, மெட்டாஃபைர் பேரினங்களைச் சேர்ந்த கிழக்காசியப் புழுக்கள், தொட்டால் துள்ளி நெளிவதால் தாவும் புழுக்கள் எனப்படுகின்றன. விசுகான்சின் மாநிலத்தில் இவை 2013-இல் உறுதிசெய்யப்பட்டன. இவை ஓராண்டு மட்டுமே வாழ்ந்தாலும், முட்டைக்கூடுகள் கடுங்குளிரைத் தாங்கி அடுத்த வசந்தத்தில் பொரிக்கின்றன. இவை வாழும் மேல்மண் காப்பித்தூள் போன்ற உதிரிக் குருணைகளாக மாறி, ஈரத்தைப் பிடித்துவைக்கும் திறனை இழக்கிறது.

வெப்பமண்டலப் பகுதிகள்

தென் அமெரிக்காவைச் சேர்ந்த பொன்டோசுகோலெக்சு கோரெத்ரூரசு எனும் புழு இன்று வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் பரவியுள்ளது. தென்னிந்தியத் தோட்டப் பயிர் நிலங்களிலும் இது காணப்படுகிறது. பிரேசிலின் மனாவுசு அருகே காடழித்து உருவாக்கப்பட்ட மேய்ச்சல் நிலங்களில், மற்ற மண்ணுயிர்கள் மறைந்த பின் இப்புழு மட்டும் பெருகி, ஆண்டுக்கு எக்டேருக்கு 100 டன்னுக்கும் மேலான எச்சத்தை மேற்பரப்பில் குவித்தது. அதைத் தளர்த்தும் வேறு உயிர்கள் இல்லாததால் மண் இறுகி, மழைக்காலத்தில் நீர் தேங்கியது.

தமிழ்நாட்டில் மண்புழு உரத் தயாரிப்பில் பயன்படும் ஆப்பிரிக்க மண்புழுவும் ஐசீனியா ஃபெடிடாவும் அயல் இனங்களே. ஆயினும் இந்திய மண் தொன்றுதொட்டு உள்நாட்டு மண்புழுக்களுடன் உருவானது என்பதால், வட அமெரிக்கக் காடுகளின் நிலை இங்கு அப்படியே பொருந்தாது.

கட்டுப்பாடு

பரவலாக வேரூன்றிவிட்ட மண்புழுக்களைக் காட்டிலிருந்து முற்றிலும் அகற்றும் நடைமுறை வழி எதுவும் இல்லை. எனவே தடுப்பே முதன்மையான வழியாகும். எஞ்சிய இரைப் புழுக்களைக் காட்டிலோ நீர்க்கரையிலோ விடாமல் குப்பைத்தொட்டியில் இடுதல், செடிகளுடன் வரும் மண்ணைச் சோதித்தல், வண்டிச் சக்கரங்களிலும் காலணிகளிலும் ஒட்டிய சேற்றைக் கழுவுதல் ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன. தாவும் புழுக்களின் முட்டைக்கூடுகள் 40 பாகை செல்சியசு வெப்பத்தில் 3 நாட்கள் இருந்தால் அழிந்துவிடுவதால், முறையாகச் சூடேற்றித் தயாரிக்கப்படும் மட்குரம் பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது.